கொழும்பில இருந்துகொண்டு பேஸ்போல் சீசன் பாக்கிறது எப்பிடி, வேலையும் நித்திரையும் போகாம

162. முதல்ல இந்த இலக்கத்த மனசில பதிச்சுக்கொள்ளுங்கோ. அமெரிக்காவின்ட எம்எல்பி பேஸ்போல் லீக்கில மார்ச் கடைசியில தொடங்கி செப்டம்பர் கடைசி மட்டும் ஒரு டீம் 162 மேட்ச் விளையாடும், கிழமைக்கு ஆறு மேட்ச் எண்டு வையுங்கோவன், சில கிழமை ஏழும் வரும். ஐபிஎல்ல ஒரு டீம் 14 லீக் மேட்ச் விளையாடி முடிக்கிறதுக்குள்ளயே எங்கட வீட்டில ரிமோட்டுக்கு ரெண்டு சண்டை நடந்திடும், இது அதவிட பதினொரு மடங்கு. அதால உலகக் கிண்ணம் பாக்கிற மாதிரி ஒவ்வொரு மேட்சுக்கும் டீம் சட்டையப் போட்டுக்கொண்டு டீவிக்கு முன்னால குந்தலாம் எண்டு நினைச்சா மே மாசத்துக்குள்ள ஆள் சரி.

நான் அப்பிடிச் சரிஞ்ச ஆள்தான். எனக்கு இந்த வருத்தம் தொத்தினது 2015 ஒக்டோபர்ல, ரொறன்ரோ ஸ்காபுறோவில இருக்கிற பெரியம்மாட மகன் ஒரு வீடியோ அனுப்பினார், அந்த ஊர் டீம் புளூ ஜேஸ்ட ஹோசே பவுடீஸ்டா டெக்சாசுக்கு எதிரா எங்கட சிக்ஸர் மாதிரி ஒரு ஹோம் ரன் அடிச்சுப்போட்டு பேட்டத் தூக்கி எறிஞ்ச எறி இருக்கே, அத நான் ஒரு இருபது தரம் பாத்திருப்பன். அடுத்த ஏப்ரல் சீசன் தொடங்கினதும் வைராக்கியமா ஒவ்வொரு நாளும் விடியக்காலம நாலரைக்கு எழும்பினன். மூண்டு கிழமை. மூண்டாவது கிழமை வெள்ளவத்தையில 101 பஸ் ஏறி கொள்ளுப்பிட்டியில இறங்க வேண்டிய ஆள் புறக்கோட்டையில கொண்டக்டர் தட்டி எழுப்பேக்கதான் கண் முழிச்சன், வாயால வீணி வேற. அண்டைக்கு ஒபிஸ்ல ஒரு மீட்டிங், என்ர முறை வரேக்க நான் கதவத் திறந்துகொண்டு போறன். அதுக்குப் பிறகுதான் இத எப்பிடிப் பாக்கிறதெண்டு யோசிக்கத் தொடங்கினன், இந்தப் பத்து வருசத்தில பிடிபட்டதுகளத்தான் சொல்லப்போறன்.

டீம் தெரியிறதுல இருந்து தொடங்குவம். மொத்தம் 30 டீம் இருக்கு, எது நல்ல டீம் எண்டு தேடிக்கொண்டு போகாதேங்கோ, விடியக்காலம அஞ்சு மணிக்கு நீங்க மெசேஜ் போட்டா பதில் போட ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ. எங்கட ஆக்களுக்கு இது லேசு. வெள்ளவத்தையில எந்த பிளட்ஸ்ல மணியடிச்சாலும் ரொறன்ரோவில ஒரு மாமாவோ சித்தியோ இருக்கிற வீடுதான். அவைக்கு அப்ப இரவு ஏழரை மணி, வேலையால வந்து சாப்பிட்டுப்போட்டு மேட்ச் போட்டிருப்பினம், நீங்களும் எழும்பி இருந்தா கதைக்க ஒரு விசயம் கிடைக்கும், "சாப்பிட்டியளோ, அங்க மழையோ" எண்டதோட முடியிற கோல் அரை மணித்தியாலம் போகும். பெரியம்மாட மகனோட நான் வருசத்துக்கு நாலு தரம் கதைச்ச ஆள், இப்ப கிழமைக்கு நாலு தரம். லொஸ் ஏஞ்சலிசில சொந்தக்காரர் இருந்தா டொட்ஜர்ஸ், நியூயோர்க்கில இருந்தா யாங்கீஸோ மெட்ஸோ. ஒருத்தரும் இல்லையெண்டா நேரத்தப் பாத்து எடுங்கோ, அதுக்குத்தான் வாறன்.

நேரக் கணக்கு. ரொறன்ரோ, நியூயோர்க், பொஸ்டன் பக்கத்து நேரத்துக்கும் எங்களுக்கும் சீசன் முழுக்க ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். அங்க மணிக்கூட்டத் திருப்புறது மார்ச் நடுப்பகுதிக்குக் கிட்டவும் நவம்பர் முதல் ஞாயிறும்தான், எங்கட மணிக்கூடு திரும்புறதே இல்ல, அதால ஏப்ரல்ல பழகின கணக்கு ஒக்டோபர் மட்டும் பிழைக்காது. ஒன்பதரையக் கூட்டி மண்டைய உடைக்கத் தேவையில்ல, அவையின்ட நேரத்தில ரெண்டரையக் கழிச்சுப்போட்டு பகல இரவாவும் இரவப் பகலாவும் மாத்துங்கோ. புளூ ஜேஸ் வீட்டு மேட்ச் பின்னேரம் 7.07 எண்டா எங்களுக்கு அடுத்த நாள் விடிய 4.37. சனிக்கிழமை 3.07 மேட்ச் எங்களுக்கு சனி நடுச்சாமம் 12.37, ஞாயிறு 1.37 மேட்ச் ஞாயிறு இரவு 11.07. மேற்குக் கரை டீம் எண்டா இன்னும் லேசு, பன்னிரண்டரை மணித்தியாலம், அங்க இரவு 7.10 எண்டா இங்க காலம 7.40, பல்லுத் தீட்டிப்போட்டு பாக்கலாம், ஆனா நீங்க எட்டரைக்கு ஒபிஸ்ல கார்ட் அடிக்கிற ஆளெண்டா மூண்டாவது இன்னிங்ஸ் பஸ்ஸில போயிடும். வீட்டில இருந்து வேலை செய்யிற ஐடி பிள்ளையளுக்கு டொட்ஜர்ஸோ சியாட்டிலோ கடவுள் குடுத்த வரம்.

இன்னொரு விசயம், இத ஒருத்தரும் சொல்ல மாட்டினம். ரொறன்ரோ மைதானத்துக்கு மூடித் திறக்கிற கூரை இருக்கு, 1989இல திறக்கேக்கயே இருந்தது. அதால அங்க மழைக்கு மேட்ச் நிக்கிறது இல்லாத மாதிரித்தான். பிரேமதாஸவில கவர் இழுக்கிறதப் பாத்தே வயசு போன எங்களுக்கு இது பெரிய ஆறுதல், நாலரைக்கு அலாரம் வைச்சு எழும்பி வந்து வெறும் தார்ப்பாயப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்ல. யாங்கீஸ், பொஸ்டன் எண்டு வெளியூருக்குப் போற கிழமையளில படுக்க முதல் அந்த ஊர் வானிலைய ஒருக்கா பாத்துப்போட்டு அலாரம் வையுங்கோ. கொழும்பு மழைக்குக் குடை எடுக்க மறக்கிற நான் பொஸ்டன் மழைய மறக்கிறதில்ல, அம்மாக்கு இதில சரியான கோவம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். கிழமைக்கு ஒரே ஒரு மேட்சத்தான் முழுசாப் பாருங்கோ. நான் எடுக்கிறது அந்த சனி இரவு 12.37 மேட்ச், ஞாயிறு எத்தின மணிக்கு எழும்பினாலும் கேக்க ஆள் இல்ல. முந்தி ஒரு மேட்ச் மூண்டு மணித்தியாலத்துக்கு மேல இழுக்கும், பிட்சர் தொப்பியத் தொட்டு, மண்ணத் தட்டி, ஆகாயத்தப் பாத்து ஒரு பந்து போடுவார். 2023இல பிட்ச் குளொக் எண்டு கொண்டு வந்தாங்கள், பேஸில, அதாவது ஓடி நிக்கிற இடத்தில, ஆள் இல்லாட்டி 15 செக்கனுக்குள்ள போடோணும், இல்லாட்டி சும்மாவே ஒரு போல், அதாவது பிழையான பந்து எண்டு, அடிக்கிறவருக்குக் குடுப்பாங்கள். அந்த ஒரு வருசத்திலயே சராசரி 3 மணி 4 நிமிசத்தில இருந்து 2 மணி 40 நிமிசத்துக்கு இறங்கிட்டுது. பழைய ஆக்கள் அங்க கொஞ்சம் முணுமுணுத்தவை. மூண்டேகாலுக்குப் படுக்கிற எனக்கு அதில ஒரு முறைப்பாடும் இல்ல.

மற்ற நாளெல்லாம் பாதியில போய்ச் சேருங்கோ. இது குற்றமில்ல. ரொறன்ரோவிலயே ஆக்கள் அப்பிடித்தான் பாக்கிறவை, கறி தாளிச்சுக்கொண்டு ரெண்டு இன்னிங்ஸ், காரில ரேடியோவில ரெண்டு இன்னிங்ஸ், பிள்ளையப் படுக்கப் போட்டுட்டு வந்து மிச்சம். ஆறு மணிக்கு எழும்பினீங்க எண்டா 4.37 மேட்ச் அஞ்சாவது இன்னிங்ஸ்ல நிக்கும், அதுதான் சரியான இடம், தொடங்கின பிட்சருக்குக் கை களைக்கத் தொடங்கிற நேரம், மனேஜர் வெளிய வந்து வாய மூடிக்கொண்டு கதைக்கிற நேரம். தேத்தண்ணி ஊத்தி முடிய ஆறாவது. எங்கட ஒழுங்கையால சூன் பாண் ஓட்டோ அந்தப் பீத்தோவன் பாட்டப் போட்டுக்கொண்டு ஆறரை, ஆறே முக்காலுக்கு வரும், அது கிட்டத்தட்ட ஏழாவது இன்னிங்ஸ், அங்க மைதானத்தில சனமெல்லாம் எழும்பி நிண்டு சோம்பல் முறிச்சுப் பாடுற நேரம், இங்க நான் சாரத்தோட கேற்றடியில ரெண்டு மாலு பாணும் ஒரு ரோஸ்ட் பாணும் வாங்கிக்கொண்டு நிப்பன். ஏழே காலுக்கு மேட்ச் முடியும், குளிச்சிட்டு வெளிக்கிடலாம்.

அந்தப் பாண் விசயத்த லேசா நினைக்காதேங்கோ. வீட்டு ஆக்களோட ஒரு ஒப்பந்தத்துக்கு வராம இந்தச் சீசன ஓட்ட ஏலாது. முதல் வருசம் அம்மா வாசலுக்க நிண்டு "இப்பிடி விடியக்காலம எழும்பிப் படிச்சிருந்தா இண்டைக்கு நீ டொக்டர்" எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவா. எழும்பித்தானே இருக்கிறன் எண்டு தண்ணி மோட்டர் போடுறது, பாண் வாங்கிறது, அம்மாக்கு முதல் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறது இந்த மூண்டையும் நான் எடுத்தன். ரெண்டாம் மாசம் அவவே கேக்கிறா, "என்ன இண்டைக்கு மேட்ச் இல்லையோ, மோட்டர் இன்னும் போடேல்ல." கலியாணம் கட்டின ஆக்கள் இந்தப் பகுதிய ரெண்டு தரம் வாசியுங்கோ.

காசுக் கணக்கு சுருக்கமா. எம்எல்பி செயலியில கேம்டே எண்டு ஒண்டு இருக்கு, காசில்ல, ஒவ்வொரு பந்தும் எங்க விழுந்தது, என்ன வேகம், என்ன வகை எண்டு சின்னப் பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா வரும், மேசைக்குக் கீழ வைச்சுப் பாக்க இதுதான் நல்லம், சத்தமும் இல்ல. முழு மேட்சும் வேணுமெண்டா எம்எல்பி டீவிக்கு டொலர்ல கட்டோணும். முழு வருசத்துக்கும் மார்ச்சிலயே கட்டாதேங்கோ, சீசன் போகப் போக விலையக் குறைப்பாங்கள். அடுத்த வருசத்துக்குத் தானா புதுப்பிக்கிற பட்டன நிப்பாட்ட மறக்கவும் வேண்டாம், 2022இல 200 ரூபா டொலர் 360க்குக் கிட்டப் போன நேரம் என்ர கார்ட்டுக்கு வந்த பில்ல நான் இன்னும் மறக்கேல்ல. வீடியோவ விட ரேடியோவுக்குக் காசும் குறைவு டேட்டாவும் குறைவு, அதே 2022இல கரண்ட் கட்டில வைஃபை செத்து போன் பட்டரி முப்பது வீதத்தில நிக்கேக்க இருட்டுக்குள்ள ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருந்தன், அண்டையில இருந்து எனக்கு ரேடியோதான் பிடிப்பு. பந்து பேட்டில படுற சத்தத்துக்கும் அறிவிப்பாளர் வாய் திறக்கிறதுக்கும் நடுவில ஒரு அரைச் செக்கன் இருக்கும், அதுக்குள்ள சனம் கத்துற விதத்த வைச்சே எங்க போகுதெண்டு பிடிக்கலாம். முழு மேட்சுக்கு நேரமில்லாட்டி யூடியூப்பில சுருக்கம் வரும், மத்தியானம் சோத்துப் பார்சலோட பாத்து முடிக்கலாம்.

கிரிக்கெட் தெரிஞ்ச ஆக்களுக்கு பேஸ்போல் லேசு எண்டு சொல்லுவினம். அரைவாசிதான் உண்மை, மற்ற அரைவாசியில கிரிக்கெட்தான் குழப்பும். பௌலிங் மாத்தின மாதிரி பிட்சர மாத்திப்போட்டு பிறகு திருப்பிக் கூப்பிடலாம் எண்டு நினைப்பீங்க, ஏலாது, வெளிய போன ஆள் அந்த மேட்சுக்கு வெளியதான், அதாலதான் மாத்திறதா விடுறதா எண்டதுக்கு இவ்வளவு பதகளிப்பு. ஓட்டம் குறைவா இருக்கே எண்டு அலுப்படிப்பீங்க, ஆனா விளையாட்டு நடக்கிறது ஓட்டத்தில இல்ல, கணக்கில. அடிக்கிற எல்லைக்குள்ள வந்த பந்த விட்டாலோ, வீசித் தவறினாலோ ஸ்ட்ரைக், எல்லைக்கு வெளிய போனத விட்டா போல். மூண்டு ஸ்ட்ரைக் ஆனா அவுட், நாலு போல் ஆனா சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம், இந்த ரெண்டுக்கும் நடுவில இப்ப எத்தினையில நிக்குது எண்டதுதான் முழுக் கதையும். மூண்டு போல் ஒரு ஸ்ட்ரைக் எண்டா அடிக்கிறவர் ராசா, பிட்சர் நடுவில போட்டே ஆகோணும். போல் இல்லாம ரெண்டு ஸ்ட்ரைக் எண்டா பிட்சர் என்ன குப்பையையும் வெளிய போட்டு ஆசை காட்டலாம். ரெண்டு கிழமைக்கு ஓட்டத்தப் பாக்காம இந்தக் கணக்க மட்டும் பாருங்கோ, அதுக்குப் பிறகு பூச்சியத்துக்கு ஒண்டு எண்டு முடியிற மேட்சிலயும் கதிரை நுனியில இருப்பீங்க. இன்ஃபீல்ட் ஃப்ளை எண்டு ஒரு சட்டம் இருக்கு, அது விளங்கேல்ல எண்டா விடுங்கோ, நான் விளங்கிக்கொள்ள நாலு வருசம் எடுத்தது.

இனி நான் ஆசையாச் சொல்லப்போற விசயம், ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கோ. பகிடியில்ல. வெள்ளவத்தை மார்க்கட்டுக்குக் கிட்ட எந்தப் புத்தகக் கடையிலயும் இருக்கும், ஒரு பென்சிலும் அழிறப்பரும். ஒரு பக்கத்துக்கு ஒரு டீம், கீழால ஒன்பது வரி அடிக்கிற ஆக்களுக்கு, குறுக்கால ஒன்பது பெட்டி இன்னிங்ஸுக்கு. நிக்கிற இடமெல்லாத்துக்கும் இலக்கம் இருக்கு, பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாம் பேஸ் 4, மூண்டாம் பேஸ் 5, ஷோர்ட்ஸ்டொப் 6, வெளிய இடக்கைப் பக்கம் 7, நடு 8, வலக்கைப் பக்கம் 9. ஷோர்ட்ஸ்டொப் நிக்கிறது ரெண்டாம் பேஸுக்கும் மூண்டாம் பேஸுக்கும் நடுவில, ஆனா இலக்கம் 6, இதில எல்லாரும் ஒருக்கா தடுமாறுவினம். பந்து உருண்டு ஷோர்ட்ஸ்டொப்பிட்டப் போகுது, அவர் எடுத்து ரெண்டாம் பேஸ்காரனுக்குக் குடுக்கிறார், அவன் பேஸ மிதிச்சுப்போட்டு முதல் பேஸுக்கு எறியிறான், ரெண்டு பேர் அவுட். கொப்பியில இவ்வளவும் 6-4-3. அவ்வளவுதான். ஸ்ட்ரைக் ஆகி அவுட்டெண்டா ஆங்கில எழுத்து கே, அடிக்காம பாத்துக்கொண்டு நிண்டே அவுட்டெண்டா அதே கேய முகத்த மற்றப் பக்கம் திருப்பி எழுதோணும், எனக்கு இந்தத் திருப்பின கே எழுதேக்க ஒரு அற்ப சந்தோசம் வரும், பள்ளிக்கூடத்தில ஒருத்தன சுவருக்கு முகம் பாத்து நிக்க விட்ட மாதிரி. இந்த எழுத்தக் கொண்டுவந்தவர் எண்டு சொல்றது ஹென்றி சட்விக் எண்டவர, 19ஆம் நூற்றாண்டில நியூயோர்க்கில இருந்த பத்திரிகைக்காரர், பிறந்தது இங்கிலாந்தில, முதல்ல எழுதினது கிரிக்கெட். மேட்ச்சின்ட கணக்கெல்லாத்தையும் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள அடக்கிப் பேப்பர்ல போடுற முறையும் அவர்ட்ட இருந்து வந்ததுதான், எங்கட ஸ்கோர்போர்ட்டுக்கும் அதுக்கும் சொந்தம் இருக்கெண்டு எனக்கு ஒரு சந்தோசம்.

கொப்பியின்ட உண்மையான பிரயோசனம் வேற. எழுதிக்கொண்டிருந்தா நித்திரை வராது, போன் பக்கம் கை போகாது. பாதியில போய்ச் சேர்ற நாளில எழுத வேண்டாம், சனி இரவு மேட்சுக்கு மட்டும் எழுதுங்கோ. வருசத்துக்கு இருபத்தஞ்சு மேட்ச் வரும், ஒரு கொப்பி காணும். என்ர 2024 கொப்பிய இப்ப திறந்தா ஒரு பக்கத்தில மீன் குழம்புக் கறை, இன்னொண்டில எட்டாம் இன்னிங்ஸுக்குப் பிறகு ஒண்டும் இல்ல, பென்சில் கோடு ஒண்டு கீழ இறங்கி பக்கத்த விட்டே வெளிய போகுது. நித்திரையாப் போனன்.

அந்த வருசம் நித்திரையாப் போனதும் நல்லதுக்குத்தான், புளூ ஜேஸ் 74 வெண்டு 88 தோத்து அந்தப் பிரிவில கடைசி. தோக்கிறதத் தாங்கப் பழகிறது இந்தச் சீசன்ட பெரிய வேலை. அடுத்த வருசம் 94 வெண்டு அதே பிரிவில முதலாவதா வந்தவங்கள், அப்பிடி வந்த வருசத்திலயும் 68 தரம் தோத்திருக்கிறாங்கள், அதாவது அறுபத்தெட்டு காலம நான் பாண் வாங்கேக்க உம்மெண்டு நிண்டிருக்கிறன். கிரிக்கெட் மாதிரி ஒரு தோல்விக்கு ஒரு கிழமை துக்கம் கொண்டாட நேரமே இல்ல, அடுத்த நாள் 4.37க்குத் திரும்பி வந்திடும். நான் வைச்சிருக்கிற வழக்கம் என்னெண்டா, மே முடியுமட்டும் புள்ளிப் பட்டியலத் திறக்கிறதில்ல. ஒரு பிட்சரத் திட்டுறதெண்டா ஒரு தேத்தண்ணி முடியுமட்டும் திட்டலாம், கோப்பை கழுவினதும் நிப்பாட்டோணும். ஜூலை நடுவில ஓல் ஸ்டார் எண்டு நாலு நாள் இடைவெளி வரும், அந்த நாலு நாளும் அலாரத்த நிப்பாட்டிப்போட்டுப் படுங்கோ, "அந்த மேட்சையும் ஒருக்கா பாப்பம்" எண்டு எழும்பாதேங்கோ, அதில ஒண்டுமில்ல. ஜூலை கடைசியில இல்லாட்டி ஓகஸ்ட் தொடக்கத்தில, எங்கட காலி வீதியால ஆடிவேல் வாற காலத்துக்குக் கிட்ட, ஆள் மாத்திற கடைசி நாள் வரும், நேத்து வரைக்கும் உங்கட ஆள் இண்டைக்கு எதிரியின்ட சட்டையில நிப்பார். அதாலதான் சொல்றன், டிசம்பர்ல சொந்தக்காரர் வரேக்க சட்டை கொண்டு வரச் சொன்னா முதுகில பேர் இல்லாத சட்டையாச் சொல்லுங்கோ. எனக்கு பேர் போட்ட ஒண்டு இருக்கு, அந்த ஆள் அந்த சூட்கேஸ் கட்டுநாயக்கவுக்கு வர முதலே டீம விட்டுப் போயிட்டார்.

குடும்ப வட்ஸப் குரூப் பற்றி ஒண்டு. மேட்ச் நேரத்தில அத மியூட்டில போடுங்கோ. உங்கட ஸ்ட்ரீம் உண்மையான நேரத்துக்கு அரை நிமிசமாவது பிந்தித்தான் வரும், பெரியம்மாட மகன் அண்ணா மைதானத்துக்குள்ள இருந்து "ஆஆஆஆ" எண்டு போடேக்க உங்கட திரையில பிட்சர் இன்னும் பந்தத் தடவிக்கொண்டு நிப்பார். ஒருக்கா நான் கோல் எடுத்தே சொன்னன், "அண்ணா, ஆ எண்டு போடாதேங்கோ." "சரியடா, இனி ஐயோ எண்டு போடுறன்" எண்டார். பிறகு பாக்கிற எண்ணமிருந்தா செயலியில ஸ்கோர மறைக்கிற வசதி இருக்கு, பெரியம்மாவ மறைக்கிற வசதிதான் இல்ல, அவ காலம கும்பிட்டுப்போட்டு ஒரு முருகன் படமும் ஸ்கோரும் சேத்துத்தான் அனுப்புவா.

நித்திரை எனக்கு உயிர் எண்ட ஆக்களுக்கு இன்னொரு வழி, கிழக்கப் பாருங்கோ. ஜப்பான் எங்களுக்கு மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, அங்க பின்னேரம் ஆறு மணி மேட்ச் இங்க மத்தியானம் ரெண்டரை. 12 டீம், ஒவ்வொண்டும் 143 மேட்ச், 12 இன்னிங்ஸுக்குப் பிறகும் சமமா நிண்டா சமன் எண்டு எழுதிப்போட்டு எல்லாரும் வீட்ட போயிடுவாங்கள், இது எங்கட டெஸ்ட் மேட்ச் ஆக்களுக்குப் பிடிக்கும். கொரியா மேட்ச் பின்னேரம் மூண்டு மணிக்கு. கண்ணால பாக்கோணுமெண்டா தூரம் போகத் தேவையில்ல, ஹோமாகமவுக்குக் கிட்ட தியகமவுக்குப் போனா ஜப்பான் உதவியில கட்டின பேஸ்போல் மைதானமே இருக்கு, எங்கட நாட்டு டீம் 2019இல மேற்காசியக் கிண்ணம் வெண்ட டீம், பாகிஸ்தானத் தோற்கடிச்சு. நான் ஒரு ஞாயிறு போனன், பார்வையாளர் எண்டு மொத்தம் ஒரு முப்பது பேர் இருக்கும், அதில அரைவாசி விளையாடுறவையின்ட வீட்டு ஆக்கள். ஆனா கேட்சர்ட கையுறைக்குள்ள பந்து விழுற அந்த "டப்" சத்தம், பத்து மீட்டர்ல நிண்டு கேட்டா நெஞ்சுக்குள்ள கேக்கும், போன்ல இத்தின வருசம் கேட்டது என்ன சத்தமெண்டே தெரியேல்ல.

ஒக்டோபர். அது வேற நாடு, வேற சட்டம். 12 டீம் மிஞ்சும், முதல்ல மூண்டு மேட்ச் சுற்று, பிறகு அஞ்சு, பிறகு ஏழு, கடைசியில வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதிச் சுற்று ஏழு. பாதியில போய்ச் சேர்ற விளையாட்டு இங்க சரிவராது, முழுசாப் பாக்கோணும், அதுக்குத்தான் ஆறு மாசமா நித்திரையச் சேமிச்சது. வருடாந்த லீவ ஏப்ரல் புதுவருசத்துக்கு முழுசா எடுத்து முடிக்காதேங்கோ, மூண்டு அரை நாளாவது ஒக்டோபருக்கு வைச்சிருங்கோ. தீபாவளிப் பலகாரமும் அந்தக் காலத்திலதான் வரும், 2025இல தீபாவளிக்கு அடுத்த நாள் விடிய சியாட்டிலோட ஏழாவது மேட்ச், ஏழாவது இன்னிங்ஸ்ல ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் மூண்டு ரன் ஹோம் ரன் அடிக்கேக்க என்ர வாய்க்குள்ள முழுப் பயித்தம் உருண்டை ஒண்டு, கத்தவும் ஏலாம விழுங்கவும் ஏலாம நான் பட்ட பாடு.

ஒரு சட்டத்தத் தெரிஞ்சு வைச்சுக்கொள்ளுங்கோ. சீசன் மேட்ச் ஒன்பது இன்னிங்ஸ்ல முடியாட்டி பத்தாவதில இருந்து ரெண்டாம் பேஸில சும்மாவே ஒரு ஆள நிப்பாட்டித் தொடங்குவாங்கள், 2020இல இருந்து அப்பிடித்தான், அதால கெதியா முடிஞ்சிடும். ஒக்டோபர்ல அந்தச் சட்டம் இல்ல. முடியுமட்டும் முடியாது. இது எனக்குத் தெரிஞ்சிருந்தும் 2025இல டொட்ஜர்ஸோட வேர்ல்ட் சீரிஸ் மூண்டாவது மேட்ச், இங்க செவ்வாய்க்கிழமை விடிய அஞ்சரை தாண்டித் தொடங்கினது, எட்டரைக்கு முடியும் எண்டு பத்து மணிக்கு ஒரு மீட்டிங் வைச்சன். எட்டரைக்கு சமமா நிக்குது. பஸ்ஸில ரேடியோ. பத்து மணிக்கு இன்னும் சமம், மீட்டிங்கில போன ஃபைலுக்குக் கீழ வைச்சு கேம்டே புள்ளியப் பாத்துக்கொண்டு "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினதில அடுத்த மாசத்து அறிக்கை ஒண்டு என்ர தலையில விழுந்திட்டுது. டொட்ஜர்ஸ்ட ஓட்டானிய அடிக்க விடாம நாலு தரம் வேணுமெண்டே நடத்தி அனுப்பினாங்கள். சோத்துப் பார்சல் திறக்கிற நேரம், 12.20 இருக்கும், 18ஆவது இன்னிங்ஸ்ல ஃப்ரெடி ஃப்ரீமன் அடிச்சார், டொட்ஜர்ஸ் 6 நாங்கள் 5. ஆறு மணித்தியாலம் 39 நிமிசம். பருப்பும் கீரையும் அப்பிடியே இருந்தது. ஒக்டோபர்ல மத்தியானத்துக்கு முதல் ஒரு மீட்டிங்கும் வைக்காதேங்கோ.

ஏழாவது மேட்ச் நவம்பர் 2, ஞாயிறு, வீட்டில எல்லாரும். அம்மாக்கு சட்டம் ஒண்டும் தெரியாது, ஆனா விரதம் மாதிரி ஒண்டும் சாப்பிடாம இருந்தவ. எங்கட போ பிஷெட் மூண்டாவது இன்னிங்ஸ்லயே ஓட்டானிக்கு மூண்டு ரன் ஹோம் ரன் அடிச்சார். ஒன்பதாவதில இன்னும் ரெண்டே ரெண்டு அவுட் வேணும், 1993க்குப் பிறகு முதல் கிண்ணம், அப்பதான் டொட்ஜர்ஸ்ட மிகேல் ரோஹாஸ் அடிச்சு சமமாக்கினார், பதினொராவதில வில் ஸ்மித் இன்னொண்டு. கடைசிப் பந்த எழுதேக்க கை நடுங்கினது, பெட்டிக்குள்ள ஆள் மூண்டாம் பேஸில நிக்கிறார், எங்கட கேர்க் அடிச்ச பந்து பேட்ட உடைச்சுக்கொண்டு ஷோர்ட்ஸ்டொப்பிட்ட உருளுது, அவர் தானே ரெண்டாம் பேஸ மிதிச்சுப்போட்டு முதல் பேஸுக்கு எறிஞ்சார். 6-3. கொப்பியில அவ்வளவுதான் இருக்கு.

அண்ணா கோல் எடுக்கேல்ல, நானும் எடுக்கேல்ல, பின்னேரம் பெரியம்மா முருகன் படம் மட்டும் போட்டா, ஸ்கோர் இல்லாம. பெப்ரவரி நடுவில பிட்சரும் கேட்சரும் பயிற்சிக்கு வருவினம், அதுவரைக்கும் ஒரு வேலையும் இல்ல, அலாரத்த அழிச்சுப்போட்டு நல்லாப் படுங்கோ எண்டுதான் எழுத நினைச்சன். நான் அழிக்கப் போகேக்க அம்மா குசினிக்குள்ள இருந்து கேட்டா, "முடிஞ்சுதோ உன்ர விளையாட்டு?"

"ஓம் அம்மா, தோத்திட்டம்."

"அது சரி. நாளைக்கு மோட்டர் ஆர் போடுறது?"

நவம்பர் முழுக்க ஆறு மணிக்கு எழும்பி ரோஸ்ட் பாண் வாங்கினன்.